டிராவல் டிரெய்லரை ஜாக்கி வைத்துத் தூக்கி டயர் மாற்றும் முறை: முழுமையான வழிகாட்டி

காருக்கு டயர் மாற்றிப் பழகியவர்கள் அதே கைப்பழக்கத்தோடு டிரெய்லருக்கு அடியிலும் குனிவதுதான் பெரும்பாலான தவறுகளுக்குத் தொடக்கம். காரில் கியர் உண்டு, கைபிரேக் உண்டு, தயாரித்தவர்களே கொடுத்த ஜாக்கியும் அது பொருந்துவதற்கான இடமும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நம்மவர் குடும்பத்தோடு தங்குவதற்காக டிரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லர்கள் பலவற்றில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது.

ஜாக்கியிலிருந்து வண்டி "விழுந்துவிட்டது" என்று சொல்கிறோம். நான் நேரில் பார்த்த இரண்டு முறையும் வண்டி முதலில் விழவில்லை, நகர்ந்தது. நான்கு விரற்கடை அளவு நகர்ந்ததும் ஜாக்கி சாய்ந்தது, அதன் பிறகுதான் விழுந்தது. ஆகவே கீழே உள்ள வரிசை எடையைத் தூக்குவதற்காக அமைந்ததைக் காட்டிலும், நகர்வைத் தடுப்பதற்காக அமைந்தது என்று கொள்வது பொருத்தம். இரண்டு அச்சுகளும் லீஃப் ஸ்பிரிங்கும் (இரும்புப் பட்டைகளாலான ஸ்பிரிங்) கொண்ட நடுத்தர அளவு டிரெய்லரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஓர் அச்சு வண்டிக்கும் டார்ஷன் அச்சு (ஸ்பிரிங் அச்சுக்குள்ளேயே அமைந்தது) வண்டிக்கும் மாறுபடும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

1. முதலில் எடையையும் உயரத்தையும் கணக்கிடுங்கள்

டிரெய்லரின் இடதுபுற முன்பகுதியில் ஒட்டப்பட்டிருக்கும் தகட்டில், வண்டி சுமக்கக்கூடிய மொத்த எடை, ஒவ்வோர் அச்சின் தாங்கும் எடை, டயர் அளவு, காற்றழுத்தம் ஆகிய நான்கும் இருக்கும். மொத்த எடை 7,600 பவுண்டு என்று கொள்வோம். அதில் ஏறக்குறைய 12 விழுக்காடு, அதாவது 900 பவுண்டு அளவு, முன்னால், டிரக்கோடு இணைக்கும் ஹிட்ச் மீது அமரும். மீதி 6,700 பவுண்டு இரண்டு பக்கச் சக்கரங்களிலும் பிரியும்போது ஒரு பக்கத்துக்குச் சுமார் 3,350 பவுண்டு வரும். சமையல் மேடையும் வெளியே தள்ளும் அறையும் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் இன்னும் கனக்கும்.

இந்தக் கணக்கின்படி 3 டன் ஜாக்கி போதும் என்று தோன்றும். ஆனாலும் நான் 6 டன் பாட்டில் ஜாக்கியைத்தான் பரிந்துரைப்பேன். அதன் அடித்தட்டு அகலமாக இருப்பதும், பாதி வலுவில் வேலை செய்யும்போது கை அதிராமல் மெதுவாக இறக்க முடிவதும் காரணங்கள்.

அடுத்து உயரம். தரையிலிருந்து சேஸிஸ் சட்டத்தின் அடிவிளிம்பு வரை அளந்து, ஜாக்கி முழுவதும் நீண்ட நிலையில் அந்த உயரத்தைத் தாண்டி இன்னும் எவ்வளவு தூக்கும் என்று பாருங்கள். புதியவர்கள் அளக்காமல் கடைக்குப் போகிறார்கள். ஜாக்கி சட்டத்தைத் தொடவே அதன் நீளம் முழுவதும் செலவாகிவிடுகிறது. பிறகு அதன் கீழே கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடுக்குகிறார்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

பாட்டில் ஜாக்கி ஒன்று, தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்தும் ஜாக் ஸ்டாண்டு இரண்டு, ரப்பர் முட்டுக்கட்டை நான்கு, எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் அரை அங்குல டார்க் ரெஞ்ச், நீண்ட பிடியுள்ள பிரேக்கர் பார், உங்கள் நட்டுக்குப் பொருந்தும் சாக்கெட், 100 பி.எஸ்.ஐ. வரை காட்டும் காற்றழுத்தமானி, சாக்குக்கட்டி, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை ஆகியன தேவை. சாக்கெட் பல டிரெய்லர்களில் 13/16 அங்குலம்தான் என்றாலும், வீட்டு வாசலிலேயே ஒரு முறை பொருத்திப் பார்த்துவிடுங்கள். அலுமினியச் சக்கரங்களில் நட்டு ஆழமான குழிக்குள் இருப்பதால் மெல்லிய சுவருள்ள நீளச் சாக்கெட் வேண்டியிருக்கும்.

ஸ்டாண்டின் மேல் எழுதியிருக்கும் எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள்; பல ஸ்டாண்டுகளில் அது ஜோடிக்கானது. பழைய ஸ்டாண்டை இரவல் வாங்குவதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. ஹார்பர் ஃபிரெய்ட் என்னும் கருவிக்கடை விற்ற பிட்ஸ்பர்க் என்னும் பெயருடைய 3 டன், 6 டன் ஸ்டாண்டுகள் சில 2020-இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. பற்களில் பூட்டு சரியாகப் பதியாமல் எடை ஏறிய பின் சட்டென்று இறங்கக்கூடும் என்பதே காரணம். மாற்றாகக் கொடுக்கப்பட்டவற்றிலும் சில பின்னர் திரும்பப் பெறப்பட்டன. கராஜ் மூலையில் கிடப்பதை எடுப்பதற்கு முன் அதன் எண்ணைச் சரிபாருங்கள்.

இவற்றோடு, இரண்டு அங்குலக் கனமும் பத்து அங்குல அகலமும் உள்ள பலகைத் துண்டுகள் நான்கைந்து வேண்டும். சிமென்ட் ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். சுவரில் வரிசையாக நிற்கும்போது எடை தாங்கும் அந்தக் கல், ஒரு சிறிய இரும்புத் தலை ஒரே புள்ளியில் அழுத்தும்போது முன்னறிவிப்பின்றி உடையும். மரம் நசுங்கும், முனகும், நமக்கு நேரம் கொடுக்கும்.

3. இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கான்கிரீட் தரை சிறந்தது. கோடையில் தார்த்தரை இளகி ஜாக்கியின் அடித்தட்டு அதில் புதையும். சரளையிலும் புல்லிலும் ஒரு பக்கமாகச் சாயும். எந்தத் தரையானாலும் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுகளுக்கும் கீழே பலகை போடுங்கள். ஒன்றுக்கு மேல் அடுக்க வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்றைக் குறுக்காக வைத்து அடுக்க வேண்டும். ஒரே திசையில் அடுக்கிய பலகைகள் சீட்டுக்கட்டுபோல வழுக்கும்.

சரிவு கண்ணுக்குத் தெரிந்தாலே அந்த இடம் வேண்டாம். பலத்த காற்று வீசும் நாளும் வேண்டாம், ஏனெனில் டிரெய்லரின் பக்கவாட்டுச் சுவர் கப்பலின் பாய்க்குச் சமம்.

நெடுஞ்சாலையில் டயர் வெடித்து, அதுவும் போக்குவரத்துப் பக்கத்து டயராக இருந்தால், அங்கே குனிந்து வேலை செய்யாதீர்கள். அடுத்த வெளியேறும் வழிவரை ஊர்ந்து சென்றால் சக்கரம் பாழாகலாம். ஆகட்டும், சக்கரத்துக்கு விலை உண்டு. நகரவே முடியாத நிலையில் எல்லோரையும் தடுப்புவேலிக்கு அப்பால் நிறுத்திவிட்டுச் சாலை உதவியை அழையுங்கள். எச்சரிக்கை முக்கோணங்களை எங்கே வைப்பது என்பதற்கு, நடுவில் தடுப்புள்ள சாலையில் நிற்கும் சரக்கு லாரிகளுக்கு அமெரிக்க விதி சொல்லும் தொலைவுகளே நல்ல அளவு: வண்டிகள் வரும் திசையில் 10, 100, 200 அடி.

4. டிரக்கைக் கழற்றாதீர்கள், கட்டையை எதிர்ப்பக்கம் வையுங்கள்

டிரெய்லரைத் தனியே நிறுத்தித் தூக்குவதைவிட, இழுக்கும் டிரக்கோடு இணைத்தே வைத்துத் தூக்குவது பன்மடங்கு பாதுகாப்பானது. கழற்றிய டிரெய்லரின் முன்பகுதி ஒரே ஒரு காலில் நிற்கிறது. ஒரு பக்கம் உயரும்போது அந்தக் கால் திருகும். இணைந்திருந்தால் முன்பகுதியை ஹிட்ச் பிடித்துக்கொள்ளும். டிரக்கை பார்க்கில் போட்டு, கைபிரேக்கையும் முழுவதும் இழுத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

தூக்கப்போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் முன் சக்கரத்துக்கு முன்னாலும் பின் சக்கரத்துக்குப் பின்னாலும் கட்டைகளை இறுக்கமாக வையுங்கள். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே திருகி இறுக்கும் எக்ஸ் வடிவக் கட்டை இருந்தால் அதையும் எதிர்ப்பக்கத்தில் மட்டும் போடலாம். இந்தப் படியில்தான் மிகுதியான தடுமாற்றத்தைப் பார்த்திருக்கிறேன். வேலை நடக்கும் பக்கத்திலேயே கவனம் இருப்பதால், பழுதான டயருக்குப் பக்கத்து டயரில் கட்டையை வைத்துவிடுகிறார்கள். வண்டி உயர்ந்ததும் அந்த டயரும் தரையை விட்டு எழும். கட்டை வெறும் அலங்காரமாகிவிடும். நான் பார்த்த இரண்டில் ஒன்று இப்படித்தான் நகர்ந்தது. ஊரில் மேட்டில் நிற்கும் லாரிக்குக் கிளீனர் குதித்துக் கட்டை போட்ட பிறகே ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். அந்த வரிசையை மறக்காமல் இருந்தால் போதும்.

டிரெய்லரின் அவசர பிரேக் கம்பியை இழுத்துவிட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளுமே என்று சிலர் கேட்பதுண்டு. அது பேட்டரி மின்சாரத்தால் பிடிக்கும் பிரேக். பேட்டரி இறங்க இறங்கப் பிடியும் தளரும், பிரேக்கின் காந்தங்களும் சூடேறும். நிறுத்தி வைப்பதற்கான பிரேக் அன்று அது.

5. உள்ளே செய்ய வேண்டியவை

யாரும் உள்ளே இருக்கக் கூடாது, நாய்க்குட்டி உட்பட. வெளித்தள்ளும் அறையை உள்ளே இழுத்துவிடுங்கள். நான்கு மூலைகளிலும் உள்ள நிலைநிறுத்தக் கால்களை முழுவதும் மடக்கி ஏற்றிவிடுங்கள். ஒன்று இறங்கியிருந்தாலும் ஜாக்கி இறக்கும் நேரத்தில் எடை அதன்மேல் விழுந்து வளையும். சமையல் வாயு உருளையின் வால்வை மூடுங்கள். நன்னீர்த் தொட்டியைக் காலி செய்வதும் நல்லது, ஏனெனில் ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டுக்கு மேல் இருக்கும்; 40 கேலன் தொட்டி என்றால் 330 பவுண்டு அலைபாயும்.

6. தூக்கும் முன் நட்டுகளைத் தளர்த்துங்கள்

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் பிரேக்கர் பாரால் அரைச்சுற்று மட்டும் தளர்த்துங்கள். காற்றில் தொங்கும் சக்கரம் நட்டோடு சேர்ந்து சுழலும். அதைவிடப் பெரிய காரணம், ஜாக்கியில் நிற்கும் வண்டியின்மீது முழு உடல் பலத்தோடு இழுப்பதுபோன்ற ஆபத்து வேறில்லை என்பதே.

முழுவதும் தளர்த்திவிடாதீர்கள். இந்த இடத்திலேயே ஒவ்வொரு சக்கரத்திலும் அது இருந்த இடத்தைச் சாக்குக்கட்டியால் எழுதிவிடுங்கள். எந்த மூலையில் எப்படித் தேய்ந்தது என்பது பிறகு கேட்கப்படும்.

7. ஜாக்கி வைக்கும் இடம்

இதுதான் வாக்குவாதம் முடியாத பகுதி. அச்சுக்குழாயின் அடியில் ஜாக்கி வைத்தால் வேலை சுலபம்: சிறிதளவு தூக்கினாலே டயர் எழுந்துவிடும். டயர் கடைகளிலும் அப்படித் தூக்குவோர் உண்டு. ஆனால் பெரும்பாலான டிரெய்லர்களுக்கு அச்சு தயாரிக்கும் டெக்ஸ்டர், லிப்பர்ட் ஆகிய நிறுவனங்களின் கையேடுகள் அச்சையோ சஸ்பென்ஷனையோ தாங்குபுள்ளியாக்கித் தூக்காதீர்கள் என்றே சொல்கின்றன.

காரணம் எளிது. அச்சு என்பது உள்ளே வெற்றிடமான குழாய். எடை ஏறும்போது சக்கரங்கள் நேராக நிற்பதற்காக, நடுவில் சற்று மேல்நோக்கி வளைத்தே அதைச் செய்கிறார்கள். இரு முனைகளில் சுமப்பதற்காக அளந்து வளைத்த குழாயை நடுவே ஒரு புள்ளியில் முட்டினால் அந்த அளவு கெடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சில ஆயிரம் மைல்களுக்குப் பிறகு புது டயரின் ஓர் ஓரம் மட்டும் மழுங்கியிருக்கும். அதுபோக, உருண்டையான குழாய் ஜாக்கியின் சிறிய தலையில் உருளவும் செய்யும். ஏர்ஸ்ட்ரீம் போன்ற டார்ஷன் அச்சு வண்டிகளில், அச்சின் கூட்டுக்குள்ளேயே ரப்பர் தண்டுகள்தாம் ஸ்பிரிங்காக வேலை செய்கின்றன. அங்கே முட்டுக் கொடுப்பது இன்னும் தவறு.

ஆகவே சேஸிஸ் சட்டத்தில் வையுங்கள். பின் அச்சின் ஸ்பிரிங் பட்டை சட்டத்தில் தொங்கும் ஹேங்கர் தாங்கிக்குச் சற்றுப் பின்னால் வைப்பது என் வழக்கம். ஹேங்கரை ஒட்டிய பகுதியில் சட்டம் ஏற்கெனவே எடை சுமந்து பழகிய இடம். டிரெய்லரின் எடைமையம் அச்சுகளுக்கு முன்னால் இருப்பதால், பின்னாலிருந்து தூக்கும்போது சுமை ஹிட்ச் மீது இன்னும் அழுந்தி அமரும். வாலில், பம்பருக்கு அருகே வைத்துவிடாதீர்கள். அங்கே சட்டம் நீண்டு தொங்கும் பகுதி, வளையும்.

சட்டம் பெரும்பாலும் ஆங்கில ஐ எழுத்து வடிவ இரும்பு. ஜாக்கியின் தலை அதன் நடுத்தகட்டுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். கீழ்விளிம்பின் ஓரத்தில் வைத்தால் விளிம்பு மேல்நோக்கி மடங்கும், மடங்கிய சரிவில் ஜாக்கி வழுக்கும். வைப்பதற்கு முன் விளக்கடித்துப் பார்த்து, சட்டத்தை ஒட்டி ஓடும் வாயுக்குழாயும் பிரேக் கம்பிகளும் இடையில் மாட்டவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டியின் அடிவயிற்றை மூடியிருக்கும் கறுப்பு நெளிவுப் பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் இருப்பது கழிவுத்தொட்டியாக இருக்கலாம். அதன்மேல் ஜாக்கி வைத்தவரை நான் அறிவேன், மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

வண்டியின் மூலைகளில் உள்ள நிலைநிறுத்தக் கால்களை வைத்து டயரைத் தூக்கவே கூடாது. திருகினால் உயர்கிறதே என்று தோன்றும். உள்ளே நடக்கும்போது ஆடாமல் இருப்பதற்கு மட்டுமே அவை.

8. தூக்குதலும் ஸ்டாண்டு வைத்தலும்

ஜாக்கி சட்டத்தைத் தொட்டு, எடை இலேசாக ஏறியதும் நிறுத்துங்கள். எழுந்து நடந்து, ஜாக்கி செங்குத்தாக இருக்கிறதா, பலகை அமர்ந்துவிட்டதா, எதிர்ப்பக்கக் கட்டைகள் இறுக்கமாக உள்ளனவா என்று ஒரு சுற்றுப் பாருங்கள். இந்த ஒரு சுற்று எனக்கு இரண்டு முறை பலனளித்திருக்கிறது.

பிறகு இரண்டு மூன்று அங்குலமாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டின் உயரத்தையும் கூட்டிக்கொண்டே வாருங்கள், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதிகம் இறங்காதபடி. சட்டம் உயர்ந்தும் டயர் எழவில்லையே என்று புதியவர்கள் பதறுவார்கள். ஸ்பிரிங் பட்டை விரிந்து சக்கரம் கீழே தொங்கிக்கொண்டே வரும், அதனால் சட்டத்தில் தூக்கும்போது நீண்ட தூரம் தூக்கியே ஆக வேண்டும். பழுதான டயர் தரையை விட்டதும் நிறுத்துவதும் தவறு. காற்று நிரம்பிய புது டயருக்கு இன்னும் ஓரிரு அங்குலம் வேண்டும், இல்லாவிட்டால் பாதி வேலையில் மீண்டும் ஜாக்கி அடிக்க நேரிடும்.

போதிய உயரம் வந்ததும் ஸ்டாண்டுகளைச் சட்டத்தின் கீழே, ஒன்றை அச்சுகளுக்குப் பின்னாலும் மற்றதை முன்னாலுமாக நிறுத்துங்கள். பற்களில் பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு ஜாக்கியை மெதுவாக இறக்கி, எடையை ஸ்டாண்டுகளுக்கு மாற்றுங்கள். ஜாக்கியை எடுத்துவிடாமல் சட்டத்தைத் தொட்டபடி விட்டு வையுங்கள். எண்ணெய் அழுத்தத்தில் நிற்கும் ஜாக்கி உயர்த்துவதற்கான கருவி. தாங்குவதற்கு இரும்புப் பூட்டுதான். ஒரு முறை வண்டியைக் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, அசைந்தால் இறக்கி முதலிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். நான்கு டயரையும் ஒரே நாளில் மாற்றுவதானாலும் இரண்டு பக்கங்களையும் ஒரே நேரத்தில் எழுப்பினால் தரையைப் பிடித்திருக்கும் சக்கரமே இராது.

9. சாய்தளக் கட்டை என்னும் மாற்று வழி

இரண்டு அச்சு வண்டிக்கு மட்டும், நல்ல டயரை ஒரு சாய்தளக் கட்டையின்மேல் ஏற்றி நிறுத்தினால் பழுதான டயர் எழுந்துவிடும். ஜாக்கியே தேவையில்லை என்பதால் பயணத்தில் வசதியானது. ஆனால் அந்த நேரத்தில் ஒரு பக்கத்தின் முழு எடையும் ஒரே டயரில் நிற்கிறது. ஸ்டெப்னி மாட்டும் சில நிமிடங்களுக்கு இது போதும், சக்கரங்களைக் கடைக்குக் கொண்டுபோய்த் திரும்பும் வரை வண்டியை அப்படி விடக் கூடாது. சில லீஃப் ஸ்பிரிங் வண்டிகளில் இரு பட்டைகளையும் இணைக்கும் ஈக்வலைசர் மற்ற சக்கரத்தைக் கீழே தள்ளுவதால் உயரம் போதாமலும் போகும். வீட்டில் ஒரு முறை சோதித்துவிட்டுப் பயணத்தில் எடுத்துச் செல்லுங்கள்.

10. சக்கரம் கழன்ற பிறகு

கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து, ஸ்டாண்டுக்கு அருகே சட்டத்தின் கீழே தள்ளிவிடுங்கள். எல்லாம் தவறினாலும் வண்டி அதன்மேல் அமரும். உடலின் எந்தப் பகுதியும் வண்டிக்கு அடியில் போகத் தேவையில்லாதபடி உட்கார்ந்த நிலையிலேயே வேலை செய்யுங்கள்.

சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதியான ஹப்பைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் பேரிங்குக்கு வேலை வந்துவிட்டது. ஸ்பிரிங் பட்டையில் விரிசலும், ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷேக்கிள் இணைப்பின் போல்டில் நீள்வட்டமாகத் தேய்ந்த துளையும் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. டயர் வெடித்ததால் கழற்றியிருந்தால், அதே பக்கத்தின் மற்ற டயரையும் சந்தேகியுங்கள்; வண்டி நிற்கும்வரை அதுதான் இரட்டைச் சுமை சுமந்தது.

புது டயருக்குக் கடையில் மூன்று சொற்கள் சொன்னால் போதும். எஸ்டி எழுத்துள்ள டிரெய்லர் டயரே வேண்டும். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் சுமை எழுத்து பழையதற்குக் குறையக் கூடாது. வால்வும் புதிதாக வேண்டும். டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டுமாகும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும் என்பதால், கடையில் நெடுநாள் கிடந்ததை வாங்காதீர்கள். வால்வைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்குமே உரியது; 80 பி.எஸ்.ஐ. நிரப்பும், சுமை எழுத்து இ உள்ள டயருக்கு உயரழுத்த வால்வு அல்லது உலோக வால்வு தேவை. சக்கரமும் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று அதன் பின்புறம் பொறித்திருப்பதைப் பாருங்கள்.

11. மாட்டுதலும் இறுக்குதலும்

போல்டின் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். வழுவழுப்பான மரையில் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவைவிட இறுக்கம் மிகுந்து போல்ட் நீளும். எல்லா நட்டுகளையும் முதலில் கையாலேயே திருகி, கூம்பு முனை சக்கரத்தின் குழியில் அமர்ந்ததைப் பாருங்கள்.

அரை அங்குல போல்டுக்கு மூன்று கட்டமாக இறுக்க வேண்டும்: முதலில் 20 முதல் 25 அடி-பவுண்டு, அடுத்து 50 முதல் 60, இறுதியாக 90 முதல் 120. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றிலிருந்து எதிரே உள்ளதற்கு மாறி மாறிச் செல்லுங்கள். அடுத்தடுத்த நட்டாக இறுக்கினால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே பிடித்துக்கொள்ளும். முதல் கட்டத்தை வண்டி மேலே இருக்கும்போது செய்துவிட்டு, ஜாக்கியைச் சற்று உயர்த்தி ஸ்டாண்டை எடுத்து, டயர் தரையைத் தொட்டுச் சுழலாத அளவுக்கு இறக்கிய பின் மற்ற இரண்டையும் செய்யுங்கள். பெரிய போல்டுள்ள எட்டு நட்டுச் சக்கரங்களுக்கு அளவு வேறு, கையேட்டைப் பாருங்கள். இம்பாக்ட் துப்பாக்கியால் இறுதி இறுக்கம் வேண்டாம்.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போதே, தகட்டில் சொன்ன அளவுக்கு நிரப்புங்கள். வெயிலில் நின்ற பக்கம் கூடுதலாகக் காட்டும் என்பதால் காலையில் பார்ப்பது சரி.

12. முதல் 50 மைல்

புதிதாக மாட்டிய சக்கரம் ஓட ஓட அமர்ந்து, நட்டு தளரும். ஆகவே 10, 25, 50 மைல்களில் நிறுத்தி மீண்டும் டார்க் ரெஞ்ச் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று அச்சுக் கையேடுகள் கூறுகின்றன. பயணம் தொடங்கும் அன்றே டயர் மாற்றாமல், ஒரு வாரம் முன்னதாக மாற்றி, வீட்டைச் சுற்றி ஒரு 10 மைல் இழுத்துவிட்டு வந்து முதல் சரிபார்ப்பை முடித்துவிடுவது என் வழக்கம். மற்ற இரண்டையும் பயணத்தின் முதல் பெட்ரோல் நிலையத்திலும் முதல் தேநீர் நிறுத்தத்திலும் வைத்துக்கொள்கிறேன். இறங்கும்போதே ஹப்பின் அருகே புறங்கையை வைத்து, மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சூடாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவேன். டார்க் ரெஞ்சை டிரெய்லரின் வெளிப்புறப் பெட்டியில் அல்லாமல் டிரக்கின் இருக்கைக்குப் பின்னால் வையுங்கள். பெட்டியின் அடியில் போன ரெஞ்சை யாரும் 25-ஆவது மைலில் தோண்டி எடுப்பதில்லை.